அணியத்தில் நிற்பவன்

"வாயத் தொறடா" என்று நான் சொன்னது அன்று காலையில் அது நாலாவது தடவை. என் மகன் தருமன் திறக்கவில்லை. இருபத்தாறு வயது, கல்யாணமாகி இரண்டு வருஷம். கசப்பு மருந்தைக் கண்ட பிள்ளை மாதிரி உதட்டை இறுக்கிக்கொண்டு வலையின் கிழிசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பொறுமைக்குப் பேர் போனவன் அல்ல நான். கெளுத்தியின் வாயைப் பிளக்க ஒரு பிடி உண்டு, தாடை எலும்பில் இரண்டு விரலை வைத்து அழுத்துவது. அழுத்தினேன். திறந்துகொண்டது.

நாக்கின் வலது ஓரத்தில் புண். புளியங்கொட்டை அளவு. நடுவில் பள்ளம், சுற்றிலும் தடித்து வெளுத்த ஓரம். பங்குனியில் கேட்டதற்கு "கஞ்சி சுட்டுடுச்சி நைனா" என்றான். இப்போது ஆனி. எந்த ஊர்க் கஞ்சி மூன்று மாசம் சுடும்?

அந்தப் புண்ணை நான் முன்பே பார்த்திருக்கிறேன். என் தம்பி குப்பனுக்கும் நாக்கில்தான் வந்தது. இப்படித்தான் தொடங்கியது. ஆடியில் சோறு இறங்கவில்லை, ஐப்பசியில் தண்ணீர் இறங்கவில்லை, பொங்கலுக்கு அவன் இல்லை. அவன் கிடந்த குடிசைக்கும் எங்கள் தோணித்துறைக்கும் நூறடி இருக்கும். அந்தக் கடைசி நாற்பது நாள் நான் அந்த நூறடியை நடக்கவில்லை. விடியுமுன் தோணியை எடுத்தால் இருட்டிய பிறகுதான் கரை. நாற்றம் தாங்கவில்லை என்று ஊருக்குச் சொன்னேன். நாற்றம் இல்லை, பயம். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எனக்குச் சும்மா இருக்க வராது. செத்துப்போன என் பெண்சாதி, "உங்க காலுல யாரு சக்கரம் கட்டி உட்டது" என்பாள். ஏரியில் தோணி ஓடுகிறவரைக்கும் எனக்கு ஒன்றுமில்லை. எங்கள் தோணி சின்னது, இரண்டு பேருக்குத்தான் இடம். முன்னால் அணியத்தில் நின்று வலை வீசுகிறவன் ஒருவன், பின்னால் கோல் ஊன்றித் தள்ளுகிறவன் ஒருவன். முப்பது வருஷம் அணியம் எனக்கு. வலது தோள் மேலே எழும்பாமல் போனதும் அணியத்தைத் தருமனுக்குக் கொடுத்துவிட்டுக் கோலைப் பிடித்தேன். அதுவும் ஏழு வருஷம் ஆகிறது.

திருப்பாலைவனத்துக்கு அவனை நடத்திக் கூட்டிப்போனேன். அங்கே திருவேங்கடம் என்று ஒரு வைத்தியர். கொப்பளிக்கப் படிகாரம் கொடுத்தார், தடவ ஏதோ போட்டுக் காய்ச்சிய நெய் கொடுத்தார், பன்னிரண்டு நாள் பார் என்றார். பார்த்தோம். புண் அப்படியே இருந்தது. மறுபடி போனபோது தருமனை மரத்தடியில் உட்காரச் சொல்லிவிட்டு என்னைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார்.

"துளசிங்கம், எனக்கு இது புத்து நோயாத்தான் தெரியுது. எங்கிட்ட இதுக்கு மருந்து இல்ல. இருக்குதுன்னு சொல்லி உன்ன அலைய உட மாட்டேன்."

"அப்ப?"

"உலாந்தாக்காரன் கோட்டைக்கு வெளிய, கெடங்குத் தெருவுல ஒரு ரண வைத்தியன் குடியிருக்கான். அறுக்கறதுல கைகாரன்னு சொல்றாங்க. போய்ப் பாரு."

திரும்பி வரும்போது வரப்பில் நான் முன்னால், அவன் பின்னால்.

"இன்னா சொன்னாரு நைனா?"

"நெய்யக் கொஞ்சம் கூடப் போட்டுக்கச் சொன்னாரு."

ஒரு வாய்க்காலைத் தாண்டினோம். பிறகு கேட்டான்: "சித்தப்பாவுக்கும் நெய்தான் குடுத்தாங்களா?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. நடையை எட்டிப் போட்டேன்.

ரண வைத்தியனிடம் நம் பேச்சு செல்லாது. இரண்டு பாஷையும் தெரிந்த துபாஷி ஆதிநாராயணனை ஒரு கூடை நண்டோடு போய்ப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போனேன். ஒல்லாந்து தேசத்து வெள்ளைக்காரரைத்தான் உலாந்தாக்காரர் என்போம். அவர்களின் தலைமை நாகப்பட்டினத்துக்குப் போய்ப் பல வருஷம் ஆகி, கோட்டையில் ஆள் பாதியாகக் குறைந்திருந்தது. இந்தக் கிழவன் மட்டும் வேலையை விட்ட பிறகும் ஊருக்குப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டான். நல்ல சிவப்பு முகம், கிட்டே போனால் சாராய வாசனை. ஆனால் கை நடுங்கவில்லை, அதைக் கவனித்துக்கொண்டேன்.

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார வைத்தான். துணியால் நாக்கைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். கழுத்தைத் தடவினான். தருமன் வாயை அரை விரல்கடைக்கு மேல் திறக்கவில்லை. வலி என்று நினைத்தேன். கிழவனும் அப்படித்தான் நினைத்திருப்பான்.

துபாஷி என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நாக்குல பாதியை எடுத்துடணும்ங்கிறார் தொரை. சின்னதா இருக்கறப்பவே எடுத்தா உசுரு தப்பும்ங்கிறார். மூணு நாள் கழிச்சு வரணும். சாராயம் குடிக்க வெச்சுக் கூட்டி வா. புடிச்சிக்க ரெண்டு ஆளும் வேணும்."

"பேசுவானா?"

கேட்டுச் சொன்னார். "பேசுவான். வீட்டுல இருக்கறவங்களுக்குப் புரியும்."

அந்த மூன்று நாளும் நான் மனுஷனாக இல்லை. கிழியாத வலையைப் பிரித்துப் பின்னினேன். கரையோடு தெற்கே நடந்து, போன காரியம் மறந்து திரும்பி வந்தேன். எதிரே வந்தவனிடமெல்லாம் சண்டை. பக்கத்துக் குடிசைக் கோதண்டம் "மடவை மீனு ஏறுதாமே" என்று சாதாரணமாகத்தான் சொன்னான். அதற்கு அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டினேன். ஊர் அம்மனுக்கு மொட்டை நேர்ந்தேன், கிடா நேர்ந்தேன். அதுவும் போதாதென்று நாக்குக்கு நாக்கு, வெள்ளியில் செய்து போடுகிறேன் என்றேன். வெள்ளிக்கு எங்கே போவேன் என்று அம்மனும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. தருமன் மட்டும் கல்லாக இருந்தான். அவன் அப்படி இருந்தது எனக்கு இன்னும் ஆத்திரம்.

நாலாம் நாள் காலையில் கிளம்பினோம். சாராயக் கலயத்தை நான் இடுப்பில் இடுக்கிக்கொண்டேன். பிடித்துக்கொள்ள ஒரு ஆள் நான், இன்னொரு ஆளாகக் கோதண்டம். திட்டு வாங்கியவன்தான், கூப்பிட்டதும் வந்தான். வாசலில் என் மருமகள் அங்காளம்மாள் நின்றாள். என்னிடம் நிமிர்ந்து பேசாத பெண். ஏதாவது சொல்ல வேண்டுமானால் கதவைப் பார்த்துத்தான் சொல்லுவாள். அன்று வழியை மறித்து நேராக என் முகத்தைப் பார்த்தாள்.

"மாமா, அவரு பல்லப் பாருங்க."

"எந்தப் பல்லு?"

"ஏய்! வாய மூடு" என்றான் தருமன். புண் நாக்கோடு அவன் அவ்வளவு சத்தம் போட்டு நான் கேட்டு நாளாகிவிட்டது.

"மாட்டேன். நீ எங்கிட்ட சத்தியம் வாங்கனது பல்லுக்கு. இப்ப நாக்கே போவப்போவுது, சத்தியத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?" அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு. ஆனால் நிறுத்தவில்லை. "பங்குனியில வல தண்ணிக்குள்ள நட்டிருந்த முளையில மாட்டி இஸ்துச்சாம் மாமா. வாயில கவ்வின ஈயம் பல்ல ஒடச்சிடுச்சி. வெளியால பாத்தா முழுப் பல்லு. உள்பக்கம் பாதி இல்ல. யாருக்கும் தெரியக் கூடாதுன்னாரு. அன்னியிலருந்து இடது பக்கமாத்தான் மெல்றாரு."

எங்கள் தொழிலில் இல்லாதவர்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வீச்சு வலையின் விளிம்பு முழுக்கக் குண்டு கோத்திருக்கும். கை இரண்டும் வலையைப் பிடித்திருப்பதால் விளிம்பின் ஒரு பக்கத்தைப் பல்லில் கவ்விக்கொண்டுதான் வீசுவோம். வலை விரிகிற நொடியில் வாயை விட வேண்டும். அதனால் அணியத்தில் நிற்கிறவனுக்குப் பல்தான் மூன்றாவது கை. பல் போனவன் அணியத்தில் நிற்கக் கூடாது என்பது எங்கள் குப்பத்துக் கட்டு. அவன் வலையில் மீன் நிற்காது என்பார்கள். மறுநாளே அவன் கோலுக்குப் போய்விட வேண்டும், வேறு ஆள் அணியத்துக்கு வருவான்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் குப்பத்தில் எல்லாருக்கும் சுட்ட மண்குண்டுதான். கோட்டைச் சிப்பாய்க்கு இரண்டு கூடை மடவை கொடுத்து, துப்பாக்கி ரவையை வாங்கித் தட்டி, வலைக்கு முதன்முதலில் ஈயம் கோத்தவன் நான். மண்குண்டாக இருந்தால் கடித்த கடியில் குண்டு உடைந்திருக்கும். ஈயம் உடையாது.

அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்தேன். முரண்டினான். "அடிச்சிப் பல்லெல்லாம் கொட்டிடுவேன், தொறடா" என்றேன். திறந்தான். நாக்கைத் தள்ளிவிட்டு விரலைக் கீழ்ப்பல் வரிசையின் உள்பக்கமாக ஓட்டினேன். கோரைப்பல்லைத் தாண்டியதும் ஏதோ சுரீர் என்றது. விரலை எடுத்துப் பார்த்தால் ரத்தம். சிப்பி ஓடு மாதிரி கூர். புண் இருந்த இடமும் அந்தக் கூரும் ஒன்றுக்கொன்று நேர்.

தருமன் கையைக் கோதண்டம் பிடித்துக்கொண்டான். நான் சாராயக் கலயத்தை எடுத்துக்கொண்டு கிடங்குத் தெருவுக்கு ஓடாத குறையாக நடந்தேன்.

ரண வைத்தியன் அந்தப் பல்லைத் தடவிப் பார்த்துவிட்டு ஏதோ ஒரு வார்த்தை சொன்னான். துபாஷி அதைத் தமிழில் சொல்லவில்லை, அவசியமும் இல்லை. எந்த பாஷையிலும் வசவு வசவுதான். கத்தியை வைத்துவிட்டுப் பல் பிடுங்குகிற குறடு ஒன்றை எடுத்தான். மூன்று இழுப்பு. தருமன் கால் தரையில் உதைத்துக்கொண்டது. நான் மார்பைப் பிடித்திருந்தேன், அவன் நெஞ்சு அடிப்பது என் கையில் தெரிந்தது. பல் தட்டில் விழுந்தது.

சந்தோஷப்படலாம் என்று நினைத்தேன். துபாஷி கையைக் காட்டி அடக்கினார்.

"அவசரப்படாதே. பல்லால வந்த புண்ணுன்னா பதினஞ்சு நாள்ல ஆறிடுமாம். ஆறலைன்னா அது புத்துதான், பல்லு ஒரு சாக்கு. அப்ப அன்னிக்கே அறுக்கணும், ஒரு நாளும் தள்ளக் கூடாதுன்னு சொல்றார்."

பதினைந்து நாள். மூன்று நாளையே தாங்காதவனிடம் பதினைந்து நாளைக் கொடுத்தான் அந்தக் கிழவன்.

முதல் நாலு நாள் கன்னம் வீங்கிக்கிடந்தது. கஞ்சித் தண்ணீர்தான். நான் பக்கத்திலேயே இருந்து வைதுகொண்டிருந்தேன். "அணியத்துல நிக்கற கொழுப்பு. நாலு பேரு பாக்க வல வீசணும். அதுக்கு உசுரையே குடுப்பான் தொரை!" அவன் பேச முடியாத நேரம் பார்த்து வைதது நியாயமில்லைதான். ஆனால் வைதால்தான் எனக்கு மூச்சு வந்தது.

எங்கள் தோணி துறையில் சும்மா கிடந்தது. வலை காயப்போடும் மேட்டில் ஆட்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார்கள். ஆறாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. மேட்டில் ஏறி நின்றேன்.

"இன்னா குசுகுசுன்றீங்க? எம்மவனுக்குப் பல்லு போச்சி. இனிமே அவன் அணியத்துல நிக்க மாட்டான். நாக்குல புண்ணு. புத்தா இல்லியான்னு அமாவாசைக்குத் தெரியும். தெரிஞ்சதும் நானே வந்து சொல்றேன், போதுமா?"

புற்று என்கிற சொல்லை அதுவரை யாரும் உரக்கச் சொன்னதில்லை, நான் உள்பட. சொன்ன பிறகு அது ஒன்றும் சின்னதாகிவிடவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் பெண்கள் வந்து அங்காளம்மாளோடு உட்கார்ந்தார்கள். அவளுக்கு அது வேண்டியிருந்தது.

ஒன்பதாம் நாள் காலை அவன் வாயைப் பார்த்தேன். பல் இருந்த குழி மூடிக்கொண்டு வந்தது. புண் அப்படியே இருந்தது. அதே பள்ளம், அதே வெளுப்பு. நான் எழுந்தேன். கோலை எடுத்தேன். துறைக்குப் போய்த் தோணிக் கயிற்றை அவிழ்த்து ஏறித் தள்ளினேன். இரண்டு கோல் தூரம் போயிருப்பேன். அணியம் காலியாக இருந்தது. குப்பனின் நாற்பது நாளும் இப்படித்தான் தொடங்கியது என்று அப்போதுதான் உறைத்தது. முதல் நாள் நான் ஓடிப்போகிறேன் என்று நினைக்கவில்லை, மீனுக்குப் போகிறேன் என்றுதான் நினைத்தேன்.

தோணியைத் திருப்பினேன். வீட்டுக்கு வந்து அவன் படுத்திருந்த பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு நாழிகை இருக்கும். அதற்குள் நாலு தடவை எழுந்து நாலு தடவையும் உட்கார்ந்தேன். தருமன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பயமா இருக்குதா நைனா?"

"ஆமாண்டா."

"எனக்குந்தான்" என்றான். அதற்குப் பிறகு நான் அவனை வையவில்லை.

பன்னிரண்டாம் நாள் தட்டில் கஞ்சியைப் பார்த்துவிட்டு, "கொழம்பு இல்லியா?" என்றான். அங்காளம்மாள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். மிளகாய் போட்ட மடவைக் குழம்பை ஒரு கரண்டி ஊற்றினாள். பிசைந்து ஒரு வாய் வைத்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எரியுதா?"

"காரம் எரியுது. புண்ணு எரியல."

அவன் வாயைத் திறக்கப்போனான். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். பார்த்து, ஆறியிருக்கிறது என்று நம்பி, பிறகு அது பொய்யாகிவிட்டால் நான் தாங்கமாட்டேன். இன்னும் மூன்று நாள். வாசலுக்கும் துறைக்கும் நடந்து நடந்து அந்த மூன்று நாளையும் தேய்த்தேன்.

அமாவாசையன்று காலையில் ரண வைத்தியன் அதே ஜன்னலுக்குப் பக்கத்தில் அவனை உட்காரவைத்தான். நான் சுவரைப் பார்த்து நின்றேன். கிழவன் விரலால் நாக்கின் ஓரத்தை அழுத்தி அழுத்திப் பார்ப்பது மூச்சுச் சத்தத்திலேயே தெரிந்தது. எதையோ இரண்டு சொல்லில் சொன்னான்.

"இன்னா? இன்னா சொல்றாரு?"

"வீட்டுக்குப் போகச் சொல்றார்" என்றார் துபாஷி.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். வந்து பாரு."

திரும்பிப் பார்த்தேன். புண் இருந்த இடத்தில் ஓர் இளஞ்சிவப்புக் கோடு. அவ்வளவுதான். அழுதேன். உலாந்தாக்காரன் வீட்டில் நின்றுகொண்டு, தலைப்பாகைத் துணியை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். கிழவன் என் தோளில் தட்டினான். எழும்பாத தோளில் தட்டினான், வலித்தது, அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

ஏரிக்கரையோடு திரும்பி வந்தோம். பாதி வழியில் எனக்குக் கோபம் திரும்பி வந்துவிட்டது. பயம் போன இடத்தில் எனக்கு எப்போதும் அதுதான் வந்து உட்காரும்.

"ஏண்டா, ஒரு பல்லுக்காக நாக்க அறுத்துக்கப் பாத்தியே, அவ்ளோ வீம்பா உனக்கு? கோலப் புடிச்சா கொறஞ்சா பூடுவ?"

"பல்லாலதான் புண்ணுன்னு எனக்கு இன்னா தெரியும்? நானும் புத்துன்னுதான் நெனச்சேன்."

"புத்துன்னே வெச்சிக்கோ. அப்ப மட்டும் பல்ல மறைப்பானேன்?"

நடந்துகொண்டே சொன்னான், என் பக்கம் திரும்பவில்லை.

"நாக்கு இல்லாதவன் அணியத்துல நிக்கலாம் நைனா. பல்லு இல்லாதவன் நிக்க முடியாது. நான் கோலுக்கு வந்தா அணியத்துக்கு வேற ஆளு வருவான். தோணியில ரெண்டு பேருக்குத்தான் எடம். நீ எங்க போவ?"

"எங்க போவேன்? கரையில குந்துவேன்."

"நீ?" என்று சிரித்தான். பல் போன ஓட்டை தெரிந்தது. "அம்மாவ எடுத்த மறுநாளே தோணியெடுத்தவன் நீ. கரையில குந்தவெச்சா ஒரு மாசம் தாங்க மாட்ட. அதான், முடிஞ்ச வரைக்கும் இஸ்துக்கினு போவலாம்னு பாத்தேன்."

அவனைக் காப்பாற்ற நான் திருப்பாலைவனத்துக்கும் கிடங்குத் தெருவுக்கும் அலைந்த மாசமெல்லாம், வாய்க்குள் ரத்தத்தை வைத்துக்கொண்டு அவன் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறான். அணியத்துக் கொழுப்பு என்று எத்தனை தடவை வைதிருப்பேன்.

இரண்டு நாள் கழித்து மீனுக்குப் போனார்கள். அணியத்தில் கோதண்டம் நின்றான். வலையின் ஈயத்தை நானே உருவி எறிந்துவிட்டு மண்குண்டு கோத்துக் கொடுத்திருந்தேன். தருமன் கோலை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தான், கேட்கிற மாதிரி. "ஏறுடா" என்று தோணியைத் தள்ளிவிட்டேன்.

பிறகு மணலில் உட்கார்ந்தேன். வெயில் ஏறாத நேரம். எறும்பு கடித்தது. கால் தானாக எழுந்திருக்கப் பார்த்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டேன். தோணி போகப்போக அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"நைனா, வீட்டுக்குப் போ!"

"வேலையப் பாருடா!"

அவன் பார்க்கிறவரை எழுந்திருக்கக் கூடாது என்று உட்கார்ந்திருந்தேன். தோணி முகத்துவாரப் பக்கம் திரும்பி மறைந்தது. அப்புறமும் நான் எழுந்திருக்கவில்லை.